நாற்பதைக் கடந்தவரின் நிதானமும் திட்டமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது, வரவு செலவு ஒப்புக்கொள்ளப்பட்டது. ஜமாஅத்தின் கணக்கைப் பார்த்த கையோடு, நம் ஒவ்வொருவரின் வாழ்க்கைக் கணக்கையும் சற்றுப் பார்க்கலாம் என எண்ணுகிறோம். குறிப்பாக, நாற்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவர்களின் கணக்கை. நாமும் அந்த வயதில் இருப்பவர்தாம். ஆகவே இதை உபதேசமாகக் கருதாமல், கூடி அமர்ந்து செய்யும் மஷூராவாகக் கருதுமாறு வேண்டுகிறோம்.

முதலில் நாம் செய்த பிழையொன்றைச் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்ட சகோதரரின் அனுமதியோடு, அவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இன்றிச் சொல்கிறோம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு இஷாத் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பின், அவர் மட்டும் தூணருகே அமர்ந்திருந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. ஒரு தொழிற்சாலையில் எட்டாண்டுகள் உழைத்தவர். அன்று மாலை, தம் மகன் வயதுடைய மேற்பார்வையாளர் பலர் முன்னிலையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். இவர் அட்டையைக் கழற்றி மேசைமீது எறிந்துவிட்டு வந்துவிட்டார். "ஹழ்ரத், இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன், அவர்கள் பணம் ஒரு பைசாகூட அங்கே இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் எடுத்துவிடப் போகிறேன்" என்றார்.

நாம் என்ன சொன்னோம்? "ஸப்ர் செய்யுங்கள், ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது" என்றோம். சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மையோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணிச் சலாம் கூறி அனுப்பிவிட்டோம். 'என்ன எடுக்கப் போகிறீர்கள்? எடுத்தால் என்ன இழப்பீர்கள்? வீட்டாரிடம் கேட்டீர்களா?' என்ற மூன்று கேள்விகளை நாம் கேட்கவில்லை.

அவர் வைப்பு நிதியை எடுத்தார்; அதனுடன் ஓய்வூதியப் பங்கையும் எடுத்தார். மகளின் நிக்காஹ் விருந்தில் அந்தப் பணம் ஒரே பகலில் தீர்ந்தது. மூன்றாண்டுகள் அங்குமிங்கும் அலைந்தபின், ஐம்பதாவது வயதில் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கும் எட்டாண்டுகள் உழைத்தார். சென்ற ஆண்டு ஐம்பத்தெட்டு நிரம்பியது. மாதாந்திர ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். முதல் எட்டும் பின் எட்டும் சேர்ந்திருந்தால் பதினாறு. முதல் எட்டை அவர் கோபத்தில் எடுத்துவிட்டதால், கணக்கில் நின்றது எட்டு மட்டுமே. ஒரு சிறு தொகையை மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள்.

சட்டத்தின் கணக்கு எளிது. ஓய்வூதியத்துக்குரிய மாதச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். பதினான்காயிரம் ரூபாயைப் பதினாறால் பெருக்கி எழுபதால் வகுத்தால் 3,200 ரூபாய். வாழ்நாள் முழுதும் மாதம் 3,200 ரூபாய். அவருக்குப் பின் அவர் மனைவிக்கும் அதில் ஒரு பங்கு. அத்தனையும் ஒரு மாலை நேரக் கோபத்தில் போயிற்று. அக்கோபத்தில் அவருக்குப் பங்கு உண்டு. கேட்க வேண்டியதைக் கேட்காத நமக்கும் பங்கு உண்டு.

கோபம் வரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நாற்பத்தேழு வயது மனிதரைப் பலர் முன் அவமதித்தால் கோபம் வரும், வந்தாக வேண்டும். கேள்வி என்னவெனில், அந்தக் கோபத்தின் கையில் நம் பேனாவைக் கொடுக்கலாமா என்பதே.

உணர்வை அறியும் அறிவு

உள்ளத்தில் எழும் உணர்ச்சியை இன்னதென்று அறிவதும், அதை ஆள்வதும், பிறர் உணர்ச்சியை உணர்ந்து நடப்பதும் ஒருவகை அறிவே என்று இன்றைய உளவியலார் கூறுகின்றனர். 1990ஆம் ஆண்டில் பீட்டர் சாலோவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர்கள் இதைப் பற்றி எழுதினர். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் இதை உலகெங்கும் பரப்பியது. இதற்கு 'உணர்வறிவு' என்று தமிழில் பெயர் வழங்குகிறார்கள்.

நமக்கு இது புதிய செய்தியன்று. மல்யுத்தத்தில் எதிரியை வீழ்த்துபவரைவிடக் கோபத்தின்போது தம்மை அடக்கிக்கொள்பவரே வீரர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நின்றிருக்கும்போது கோபம் வந்தால் அமர்ந்துவிடுமாறும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துவிடுமாறும் வழிகாட்டினார்கள். இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். நிற்பவன் கையை ஓங்குவான். அமர்ந்தவனுக்கு அது கடினம். படுத்தவனுக்கு மேலும் கடினம். உணர்ச்சிக்கும் செயலுக்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்கும் ஏற்பாடு அது. நம் சகோதரருக்கு அன்று தேவைப்பட்டதும் அத்தகைய இடைவெளியே. ஒரு மாதம் பொறுத்து அந்த விண்ணப்பத்தில் ஒப்பமிடலாம் என்றிருந்தால் போதுமாயிருந்தது.

ஹுதைபிய்யாவில் கிடைத்த பாடம்

ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு, அதாவது கி.பி. 628. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு தோழர்களுடன் நபி (ஸல்) அவர்கள் உம்ராவுக்காகப் புறப்பட்டார்கள். ஹுதைபிய்யாவில் குறைஷிகள் தடுத்தனர். இவ்வாண்டு திரும்பிச் செல்ல வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு பத்தாண்டுப் போர் நிறுத்த உடன்படிக்கை எழுதப்பட்டது. தோழர்களுக்கு அது தோல்வியாகத் தெரிந்தது. உமர் (ரலி) அவர்களே மனம் பொறுக்காமல் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். குர்பானிப் பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு நபியவர்கள் மும்முறை ஏவியும், துயரத்தில் உறைந்திருந்த தோழர்கள் எழவில்லை.

நபி (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் சென்று தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதைக் கூறினார்கள். அன்னையார் நிலைமையை உணர்ந்து ஓர் ஆலோசனை சொன்னார்கள்: எவரிடமும் எதுவும் பேசாமல் வெளியே சென்று, தாங்களே தங்கள் பிராணியை அறுத்து முடி களையுங்கள் என்றார்கள். நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்ட தோழர்கள் அனைவரும் எழுந்துவிட்டனர்.

இரண்டே ஆண்டுகளில், பத்தாயிரம் பேருடன் நபியவர்கள் மக்காவுக்குள் நுழைந்தார்கள். அன்று உணர்ச்சி மேலோங்கி உடன்படிக்கை கிழிக்கப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. இன்றைய அவமானத்தைப் பார்க்காமல் நாளைய பயனைப் பார்ப்பது ஒன்று. தலைவராயிருந்தும் இல்லத்தரசியிடம் மனம் திறந்து ஆலோசனை கேட்பது மற்றொன்று. வேலை போன செய்தியை மனைவியிடம் மறைத்து, தினமும் காலையில் சாப்பாட்டுப் பையுடன் புறப்பட்டுச் சென்று பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்திருந்த கணவர்களை நாம் அறிவோம். உம்மு ஸலமா (ரலி) அவர்களின் சரித்திரத்தைக் கேட்டிருந்தால் அவ்வாறு செய்திருக்க மாட்டார்கள்.

ஏழாண்டு அவகாசம்

அடுத்து நம் மண்ணிலேயே நிகழ்ந்த ஒன்றைப் பார்ப்போம். நம் பெரியவர்களில் பலருக்குப் புதுவையின் பஞ்சாலைச் சங்கொலிதான் கடிகாரம். வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் சென்று ஷிப்டு பார்த்த குடும்பங்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. 1936 ஜூலை 30ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் உயிர் நீத்து, எட்டு மணி நேர வேலை உரிமையைப் பெற்றுத் தந்த ஊர் இது.

அந்த ஆலைகளுள் ரோடியர் மில் என்று நம்மவர் அழைத்த ஏ.எப்.டி. ஆலை, 1898இல் தோன்றியது. 1986இல் புதுவை அரசின் நிறுவனத்தின் கீழ் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் நம் கரையைத் தாக்கியதில் ஆலை பெரும் சேதமடைந்தது. 2013 நவம்பரில் தொழிலாளர்களுக்கு லே-ஆஃப் அளிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 30ஆம் தேதியுடன் ஆலை மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் இன்று இயங்கவில்லை.

புயலுக்கும் மூடலுக்கும் இடையே எட்டாண்டுகளுக்கு மேல். லே-ஆஃபுக்கும் மூடலுக்கும் இடையே ஏறத்தாழ ஏழாண்டுகள். அந்த ஆண்டுகளில் ஆலை திறக்கும் என்று காத்திருந்தவர்களை நாம் குறை கூறமாட்டோம். உழைத்துப் பெற வேண்டிய பாக்கியைக் கேட்பது அவர்களின் உரிமை. அதைக் கேட்டுப் போராடியது நியாயம். ஆயினும் ஒரு கையால் உரிமையைக் கேட்கும்போதே, மறு கையால் வேறொரு தொழிலைப் பழகியவர்களும் இருந்தார்கள். நாற்பத்தைந்தில் தையல் எந்திரம் வாங்கியவர், மின் மோட்டார் கட்டப் பழகியவர் ஆகியோருக்கு 2020ஆம் ஆண்டு வருத்தத்தைத் தந்தது. ஆனால் திகைப்பைத் தரவில்லை.

ஏழாண்டு என்றதும் யூசுஃப் நபி (அலை) அவர்களின் சரித்திரம் நினைவுக்கு வராமல் இருக்குமா? கொழுத்த ஏழு பசுக்களை மெலிந்த ஏழு பசுக்கள் தின்பதாக அரசன் கனவு கண்டான். சிறையிலிருந்த யூசுஃப் நபி (அலை) அதற்கு விளக்கம் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, திட்டமும் தந்தார்கள். விளைச்சல் உள்ள ஏழாண்டுகளில் உண்பதற்குரிய சிறிதளவு போக மீதியைக் கதிரோடு விட்டுச் சேமிக்கச் சொன்னார்கள். கதிரோடு வைத்தால் தானியம் எளிதில் கெடாது என்பதை விவசாயக் குடும்பத்தார் அறிவீர்கள். இவ்வளவு தெளிவான திட்டத்தைத் தந்தவர் யார்? உடன்பிறந்தவர்களால் கிணற்றில் தள்ளப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, செய்யாத குற்றத்துக்குச் சிறையிலிருந்தவர். மனத்தைக் கசப்பு நிறைத்திருந்தால் திட்டத்துக்கு அங்கே இடமிருந்திருக்காது. இதனால்தான் நிதானத்தையும் திட்டத்தையும் நாம் பிரித்துப் பேசவில்லை. நிதானம் இல்லாத உள்ளத்தில் திட்டம் தங்காது.

நம் காலத்தில் கனவு வந்து எச்சரிப்பதில்லை. செய்தித்தாள் வந்து எச்சரிக்கிறது. சவூதி அரேபியா 2011இல் 'நிதாகத்' சட்டத்தைக் கொண்டு வந்தது. 2017 ஜூலை முதல், உடன் தங்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்து, 2020இல் 400 ரியாலாக உயர்த்தியது. இவை அங்குள்ள நம் பிள்ளைகளுக்கு அறிகுறிகளே. 'நம்மை ஒன்றும் செய்யாது' என்பது நம்பிக்கையன்று. உள்ளத்தின் அச்சம் போட்டுக்கொள்ளும் திரை. அவ்வச்சத்தை அச்சமென்று ஒப்புக்கொண்டவரே அடுத்த அடி வைக்கிறார்.

கடைத்தெரு எங்கே?

'நாற்பதுக்கு மேல் புதிதாக எதைத் தொடங்குவது?' என்று கேட்பவர்களுக்கு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நினைவூட்டுகிறோம். அவர்கள் யானை ஆண்டுக்குப் பத்தாண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள் என்பது வரலாறு. எனவே ஹிஜ்ரத்தின்போது அவர்களுக்கு வயது நாற்பதுக்கு மேல். மக்காவின் செல்வத்தை விட்டு வெறுங்கையுடன் மதீனா வந்தார்கள். சகோதரராக இணைக்கப்பட்ட ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அதற்கு அவர்கள் பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். பின்னர் மதீனாவின் பெரும் வணிகர்களில் ஒருவரானார்கள்.

மக்காவில் தாம் எவ்வளவு பெரியவராயிருந்தார் என்று அவர்கள் மதீனாவின் திண்ணையில் அமர்ந்து சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கொடுக்க வந்தவரின் மனம் நோகாமல் மறுத்தார்கள். சிறிய சரக்கோடு தொடங்க வெட்கப்படவில்லை. சவூதியில் மேலாளராயிருந்த ஒருவர் ஊர் திரும்பி, வில்லியனூர்ச் சந்தையில் கடை போட வெட்கப்படும்போதெல்லாம் இந்த நிகழ்வு நம் நினைவுக்கு வருகிறது. அந்த வெட்கத்தால் அவர் ஜும்ஆவுக்கு வருவதையும் குறைத்துவிடுகிறார் என்பதே நம் பெரிய கவலை. வேறு சிலர் அந்த வெட்கத்தை மறக்கப் போகும் கடைகள், நம் புதுவையில் திரும்பும் பக்கமெல்லாம் திறந்திருக்கின்றன. அவ்வாறு ஒரு குடும்பம் சிதைவதைப் பார்த்துக்கொண்டு, நாம் மினாராவுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்க முடியாது.

செய்ய வேண்டியவை

முதலாவது: கோபத்திலோ துக்கத்திலோ எந்தத் தாளிலும் ஒப்பமிடாதீர்கள். இராஜினாமாக் கடிதம், வைப்பு நிதி விண்ணப்பம், நில விற்பனை ஆகியவற்றை இரு ஜும்ஆக்கள் கழியட்டும் என்று ஒத்திவையுங்கள். அதற்குள் இஸ்திகாராத் தொழுங்கள். வீட்டாரிடம் மஷூரா செய்யுங்கள்.

இரண்டாவது: உங்கள் பணிக்காலத்தை எண்ணி வையுங்கள். சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் போன்ற இடங்களின் தொழிற்பேட்டைகளில் பணிபுரிவோர் பெரும்பாலும் நிறுவனம் மாறுகிறவர்கள். மாறும்போது பழைய வைப்பு நிதிக் கணக்கைப் புதிய கணக்கோடு சேர்த்துவிடுங்கள். உடனே வேறு வேலை கிடைக்காவிட்டாலும், பத்தாண்டு நிரம்பாதவர் ஓய்வூதியப் பங்கை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் பெற்று வைக்கலாம். பின்னால் கிடைக்கும் பணியோடு அது சேரும். பத்தாண்டு நிரம்பியவர் ஐம்பது வயதிலிருந்தே குறைந்த ஓய்வூதியம் பெற முடியும். ஆனால் ஐம்பத்தெட்டுக்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு நான்கு வீதம் குறையும். வாரிசு நியமனத்தில் மனைவியின் பெயர் உள்ளதா என்றும் பாருங்கள். இத்தொகையில் வட்டி தொடர்பான ஐயமுடையோர் நம்மிடம் தனியே வந்து மார்க்க விளக்கம் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது: வருமானம் உள்ள காலத்திலேயே இரண்டாவது கைத்தொழில் ஒன்றைப் பழகுங்கள். வேலை போன பின் பழகுவது, வெள்ளம் வந்த பின் ஏரிக்கரையைக் கட்டுவது போன்றது. பாகூர் ஏரியை நம்பிப் பயிரிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது: நிக்காஹ் விருந்தைச் சுருக்குங்கள். ஒரு பகலின் பிரியாணிக்காக இருபதாண்டுச் சேமிப்பைச் செலவிடும் வழக்கத்தை நாம் நிறுத்தாதவரை, இந்த மிம்பரிலிருந்து திட்டமிடல் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு கற்றுத் தந்த நபியின் உம்மத் நாம். திட்டமிடுவது தவக்குலுக்கு எதிரானதன்று. கயிற்றைக் கட்டுவது நம் வேலை. காப்பது அவன் வேலை.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

நாம் மதரஸாவில் ஏழாண்டுகள் ஓதினோம். பாகப்பிரிவினைச் சட்டத்தை நுட்பமாகக் கற்றோம். ஆனால் இறப்பதற்கு முன் ஒரு மனிதர் தம் உழைப்பின் பலனை எவ்வாறு காத்துக்கொள்வது என்பதை, அந்தச் சகோதரர் இழந்த பிறகுதான் கற்றோம். இனி ஒருவர் அவ்வாறு தூணருகே அமர்ந்தால், 'ஸப்ர் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டு எழமாட்டோம். அருகில் அமர்ந்து முதலில் அவர் மனம் ஆறும்வரை கேட்போம். பிறகு தாள்களைப் பார்ப்போம்.

இதற்காக நிர்வாகக் குழுவிடம் ஒன்று வேண்டுகிறோம். மாதந்தோறும் முதல் ஞாயிறு அஸருக்குப் பின், மக்தப் அறையில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். கணக்கு வேலை தெரிந்த நம் ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருவர் உடனிருக்கட்டும். வேலை இழந்தவர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், வேலையை விட எண்ணியிருப்பவர் எவரும் வரலாம். அங்கே பேசப்படுவது அமானிதம்; வெளியே செல்லாது. தொழில் தொடங்கத் தகுதியுள்ள ஏழைகளுக்கு பைத்துல்மாலிலிருந்து ஒரு தையல் எந்திரமோ தள்ளுவண்டியோ தர முடியுமா என்பதையும் பரிசீலியுங்கள்.

ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். நாம் குறிப்பிட்ட அந்தச் சகோதரர் இப்போது நம் முன் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அந்த ஞாயிறு அமர்வுக்கு முதல் ஆளாக வந்து, தம் கதையைத் தாமே இளையவர்களுக்குச் சொல்வதாக வாக்களித்துள்ளார். இழந்ததைப் பிறருக்குப் பாடமாக்கும் மனம் அவருக்கு வாய்த்தது அல்லாஹ்வின் பேரருள். அவருக்கு நாம் பட்டிருக்கும் கடனை அந்த அமர்வைத் தவறாமல் நடத்தித் தீர்ப்போமாக.

யா அல்லாஹ்! எங்கள் கோபத்தை நிதானமாகவும், எங்கள் அச்சத்தை முன்னேற்பாடாகவும் மாற்றித் தருவாயாக. எங்கள் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. முதுமையில் பிள்ளைகளிடமும் பிறரிடமும் கையேந்தா வாழ்வைத் தருவாயாக. வேலையிழந்து மனம் வாடியிருக்கும் எங்கள் சகோதரர்களுக்கு ஹலாலான வழிகளைத் திறந்துவிடுவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.